நிலையில் பென்சில் கோடுகள்

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் தோ பாயோவில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மூவறை வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்து வருகிறோம். விற்றவர்கள் சீனத் தம்பதி, 1990களில் வாங்கினார்களாம். சமையலறையில் அவர்கள் அடித்திருந்த பிளைவுட்டைக் கழற்றினால், பின்னால் ஒரு மர அலமாரியும் அறைக்கதவின் பழைய நிலையும் இருந்தன. அலமாரித் தட்டுகளில் 1974-ஆம் ஆண்டுத் தமிழ் முரசு விரித்திருந்தது. நிலைக்கு மேலே மஞ்சள் துணியில் முடிந்த ஒரு வெள்ளி நாணயம், 1967 என்று போட்டது. நிலையில் பென்சில் கோடுகள்: 'பெரியவன் 1971, 3 அடி 9', 'பாப்பா 1972, 2 அடி 11' என்று தொடங்கி, 'பாப்பா 1978, 129' என்று முடிகின்றன. நடுவில் 'தம்பி'யும் உண்டு. பிறர் பொருளை வீட்டில் வைக்காதே, எல்லாவற்றையும் எறி என்கிறார் மாமியார். எனக்கு மனம் வரவில்லை. வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?
– வாசகி, தோ பாயோ

பதில்: நிறுத்தி வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி சகோதரி. முப்பத்தோரு வருடம் தச்சு வேலை செய்தவன் நான். 1993-இல் குவீன்ஸ்டவுனில் ஒரு வீட்டில், இதே போலக் கோடு போட்டிருந்த நிலையை ஒரே மதியத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். சாயங்காலம் வீட்டுப் பெரியவர் வந்தார். மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க கோடு இருந்துச்சே தம்பி" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கண்டெடுத்தவற்றில் செய்தித்தாளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தமிழ் முரசு 1935-லிருந்து வரும் நாளிதழ். பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தில் பார்க்கலாம். ஆசைக்கு ஒரு தாளை எடுத்து வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று படாமல் உறையில் போட்டு வைத்தால் போதும்.

ஆனால் அந்த நிலைக்கு நகல் கிடையாது. நீங்கள் எழுதியதை நாலைந்து முறை படித்தேன். பேர் ஒன்றுமே இல்லை என்று வருத்தப்படாதீர்கள். 'பெரியவன்' என்று எழுதுவது யார்? பெற்றவர்கள்தான், இல்லையென்றால் தாத்தா பாட்டி. பிள்ளையை நிலையோடு சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்துக் கோடு போட்ட கை அது. முதலில் அடி, அங்குலம், கடைசியில் சென்டிமீட்டர். சிங்கப்பூர் மெட்ரிக் அளவுக்கு மாறியது 1970களில்தான். பள்ளிக்கூடத்தில் சென்டிமீட்டர் படித்துவிட்டு வந்த பெரியவனே கடைசிக் கோட்டைப் போட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு கோட்டிலும் கையெழுத்து மாறுகிறதா என்று பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை நிலையின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடுகளும் எழுந்து தெரியும். அளவுநாடாவை ஒட்டினாற்போல் வைத்துப் படம் எடுங்கள். தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம்; பேனா மையில் எழுதியது இருந்தால் கரைந்துவிடும். தேய்க்கவும் வேண்டாம், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். நிலையை மாற்றியே ஆக வேண்டுமென்றால், கடப்பாரை போட்டு நெம்பவிடாதீர்கள், மரம் பிளந்துவிடும். சுவரோரம் பெயின்டைக் கத்தியால் கீறிவிட்டு, பின்னால் இருக்கும் ஆணிகளை இரும்பறுக்கும் வாளால் அறுத்தால் கால்மரம் முழுசாக வரும். அரை நாள் கூடுதல் வேலை. தச்சர் முணுமுணுத்தால் கூலியைச் சேர்த்துக் கொடுங்கள்.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். அவர் பயப்படுவது அந்த மஞ்சள் முடிச்சுக்காகத்தான் இருக்கும், அது நியாயமான பயம். யாரோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, வேலை கிடைக்கவேண்டும் என்றோ சாமிக்கு முடிந்து வைத்த காசு. செலுத்தாமலே வீடு மாறிப் போயிருக்கிறார்கள். சிங்கப்பூர் தன் நாணயங்களை முதலில் வெளியிட்டதே 1967-இல்தான், அதனால் அதற்குப் பிறகு முடிந்ததுதான். குடும்பம் கிடைத்தால் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் மாமியாரையே கூட்டிக்கொண்டு லோரோங் 8-இல் இருக்கும் வைராவிமட காளியம்மன் கோயிலுக்குப் போய், அவர் கையால் உண்டியலில் போடச் சொல்லுங்கள். எந்தச் சாமிக்கு முடிந்ததோ தெரியாது, ஆனாலும் சாமிக்குப் போய்ச் சேரட்டும்.

குடும்பத்தைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள். பாப்பாவுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் ஆகியிருக்கும், இந்தத் தீவிலேயே எங்காவது இருக்கலாம். வீட்டை விற்றுக்கொடுத்த முகவரிடம் சொல்லி, விற்றவர்கள் யாரிடம் வாங்கினார்கள் என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் அஞ்சடியில், அதாவது வீடுகளுக்கு முன்னால் ஓடும் பொது நடைபாதையில் நடந்து, அந்த மாடியில் ரொம்ப நாளாகக் குடியிருப்பவர் யார் என்று விசாரியுங்கள். சீனப் பாட்டியோ, மலாய் அத்தையோ, யாராக இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மறந்திருக்க மாட்டார்கள். மொழி தெரியாவிட்டால் கோடுகளின் படத்தைக் காட்டி, கையால் உயரத்தைக் காட்டுங்கள், புரிந்துவிடும்.