கணவன், மனைவி குடியேற்ற விசாவுக்குப் பழைய வரலாற்றைத் திரட்டுவது: எல்லை ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு, அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான காகிதங்களைத் திரட்ட நம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பல வருடங்களாக உதவி வருகிறேன். எல்லை ஊர்க்காரர்களின் வாழ்க்கை ஒரே மாநிலத்துக்குள் அடங்குவதில்லை. பள்ளிக்கூடம் மலையாளத்தில், கல்லூரி பொள்ளாச்சியில், கல்யாணம் பழனியில், வேலை ஷார்ஜாவில் என்று இருக்கும். அத்தனையையும் ஒரே படிவத்தில் வரிசையாக எழுதச் சொன்னால் யாருக்கும் திகைப்பு வரத்தான் செய்யும். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன். நான் வக்கீல் இல்லை. கைது, வழக்கு, அமெரிக்காவில் அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியது போன்றவை இருந்தால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கட்டாயம் போங்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அக்கா, என் வீட்டுக்காரர் டல்லாஸில் இருக்கிறார், அமெரிக்கக் குடிமகன். எனக்காக மனு போடப்போகிறார். எத்தனை வருடத்து விவரம் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒவ்வொரு படிவமும் ஒவ்வொரு கணக்குக் கேட்கும். உங்கள் கணவர் போடும் ஐ-130 மனுவோடு உங்களைப் பற்றிய ஐ-130ஏ படிவமும் போகும். அதில் கடைசி 5 வருடத்து முகவரிகளும் வேலைகளும் கேட்பார்கள். மனு ஒப்புதல் ஆகி அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போன பிறகு நீங்கள் இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பம்தான் பெரிய வேலை. உங்களுக்கு 16 வயதானதிலிருந்து குடியிருந்த எல்லா முகவரிகளும் அதில் வரவேண்டும். வேலை விவரம் 10 வருடத்துக்கு. வெளிநாட்டுப் பயணம், தொலைபேசி எண், மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு ஆகியவை 5 வருடத்துக்கு.

நேர்காணல் முடிந்த பிறகு சிலருக்கு மட்டும் டிஎஸ்-5535 என்ற கூடுதல் கேள்வித்தாள் வரும். அதில் பயணம், முகவரி, வேலை மூன்றும் 15 வருடத்துக்கு வேண்டும். எந்தப் பயணத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றுகூடக் கேட்பார்கள். இதுவரை வைத்திருந்த எல்லா பாஸ்போர்ட் எண்களும், உடன்பிறந்தவர்களின் பிறந்த தேதிகளும் தேவைப்படும். இது எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வந்தபிறகு தேட ஆரம்பித்தவர்கள் படும் பாட்டைப் பார்த்திருப்பதால், முதலிலேயே 15 வருடத்தையும் எழுதி வைத்துவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் 16 வயதிலிருந்து மாதவாரியாக எழுதுங்கள்: எங்கே குடியிருந்தேன், என்ன படித்தேன் அல்லது என்ன வேலை செய்தேன், எங்கே போனேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்று குறியுங்கள். காகிதம் இல்லாமல் நினைவிலிருந்து எழுதியதைப் பென்சிலில் எழுதுங்கள். அதன்பிறகு எல்லாப் படிவங்களையும் இந்த நோட்டைப் பார்த்தே நிரப்புங்கள். ஐ-130ஏவில் ஒரு தேதி, டிஎஸ்-260இல் வேறொரு தேதி என்று வந்தால்தான் அதிகாரிக்குச் சந்தேகம் எழும்.

கேள்வி (வேலந்தாவளம்): எனக்கு மூன்று பாஸ்போர்ட் மாறிவிட்டது, அதில் நடுவில் இருந்தது தொலைந்துபோனது. துபாய், சிங்கப்பூர், நேபாளம் போயிருக்கிறேன். தேதி ஒன்றும் நினைவில் இல்லை அக்கா. என்ன செய்வது?

கையில் இருக்கும் இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஒரு பக்கம் விடாமல் முத்திரைகளைப் பாருங்கள். வெளிநாட்டு முத்திரை மங்கியிருந்தாலும் கோயமுத்தூரிலோ கொச்சி நெடும்பாசேரியிலோ குத்திய நம் நாட்டு முத்திரை தெளிவாக இருக்கும். அது புறப்பட்ட நாளையும் திரும்பிய நாளையும் சொல்லிவிடும்.

தொலைந்த பாஸ்போர்ட்டின் காலத்துக்கு மின்னஞ்சல்தான் துணை. விமான நிறுவனத்தின் பெயர், ‘இ-டிக்கெட்’, ‘பிஎன்ஆர்’, ஊரின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். டிராவல்ஸ்காரர் மூலம் எடுத்த டிக்கெட் என்றால் அவருடைய பழைய கணக்கில் இருக்கலாம், நேரில் போய்க் கேளுங்கள். வங்கிக் கணக்கில் டிக்கெட்டுக்குக் கட்டிய பணமும், அந்த ஊரில் அட்டை தேய்த்த செலவும் இருக்கும். கைபேசியில் எடுத்த படங்களில் தேதி பதிவாகியிருக்கும். துபாயில் வேலை விசாவில் இருந்திருந்தால் அதன் நகல் முதலாளியிடமோ உங்கள் மின்னஞ்சலிலோ கிடைக்கும். தொலைந்ததற்குப் போலீஸில் கொடுத்த புகாரின் நகலையும் பத்திரப்படுத்துங்கள், அந்தப் பாஸ்போர்ட் எங்கே என்று நேர்காணலில் கேட்கலாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, நுழைவு அனுமதி மின்னஞ்சலில்தான் வரும். துபாய் விமான நிலையத்தில் தானியங்கி வாயில் வழியாகப் போனவர்களுக்கும் முத்திரை இருக்காது. ஆகவே முத்திரையை மட்டும் எண்ணினால் பயணம் விட்டுப்போகும். அடுத்தது நேபாளமும் பூட்டானும். இந்தியர்களுக்கு அங்கே பாஸ்போர்ட்டே தேவையில்லை என்பதால் பலர் அதை வெளிநாட்டுப் பயணமாகவே நினைப்பதில்லை. முக்திநாத் யாத்திரை போயிருந்தாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான், கேட்கும் காலத்துக்குள் வந்தால் எழுதுங்கள்.

எவ்வளவு தேடியும் நாள் கிடைக்கவில்லையென்றால் மாதமும் வருடமும் போதும். படிவம் நாளையும் கேட்டே தீருமென்றால் மாதத்தின் முதல் நாளைப் போட்டு, அது உத்தேசம் என்று நோட்டில் குறித்து வைத்து, நேர்காணலில் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். உத்தேசத்தை உத்தேசம் என்று சொல்வதில் தவறே இல்லை.

அமெரிக்காவுக்கே முன்பு போயிருந்தால் வேலை சுலபம். அந்நாட்டுச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 (வருகைப் பதிவு) தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் கடந்த 10 வருடத்து வருகையும் புறப்பாடும் வந்துவிடும்.

கேள்வி (வண்டிப்பெரியாறு): நாங்கள் எஸ்டேட்டில் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள். வீட்டு எண் கிடையாது. அப்பாவுக்கு டிவிஷன் மாறும்போதெல்லாம் வீடும் மாறும். பிறகு நான் கம்பத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். இதையெல்லாம் எப்படி முகவரியாக எழுதுவது?

தயங்காமல் உள்ளதை எழுதுங்கள் தங்கச்சி. எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், தபால் நிலையம், பின்கோடு. வீட்டு எண் இல்லாத முகவரி இந்தியாவில் ஏராளம், நேர்காணல் நடத்தும் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இருப்பவர்களுக்கும் அது தெரியும். ஒரே எஸ்டேட்டுக்குள் டிவிஷன் மாறியிருந்தாலும் தனித்தனி வரியாகவே போடுங்கள். ஹாஸ்டலும் குடியிருந்த இடம்தான், கல்லூரி வருடங்களை வீட்டு முகவரியிலேயே ஓட்டிவிடாதீர்கள்.

எந்த வருடம் எந்த டிவிஷன் என்பதற்கு அப்பாவின் வேலைப் பதிவைப் பார்க்கலாம். எஸ்டேட் அலுவலகத்தில் இருக்கும், பிஎஃப் காகிதங்களும் உதவும். பள்ளிக்கூட டிசியில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் இருக்கும், பள்ளி மாறிய தேதி பெரும்பாலும் வீடு மாறிய தேதிதான். ஆதார் வந்தபிறகு உள்ள காலத்துக்கு ஆதார் தளத்திலேயே ‘புதுப்பித்தல் வரலாறு’ எடுக்கலாம், எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு மாற்றினீர்கள் என்று வரும். ஆனால் நாம் குடிபோய் ரொம்ப நாள் கழித்துத்தானே ஆதாரை மாற்றுகிறோம்! அதனால் அந்தத் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதற்கு முன்னால் எப்போது குடிபோனீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தம்பி பிறந்தது எந்த வீட்டில், பாட்டி இறந்தது எந்த வீட்டில் என்று கேட்டால் அம்மாமார்களுக்கு வருடம் தானாக வந்துவிடும். அந்தப் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை வைத்துத் தேதியைச் சரிபார்க்கலாம்.

கேள்வி (நகரி, ஆந்திரம்): என் மனைவிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வீட்டுப்பெயர் முன்னால் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடமே காலி. ஆதாரில் இன்ஷியல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எப்படிக் காட்டுவது அக்கா?

பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் முதன்மைப் பெயர். மற்ற எல்லா வடிவங்களையும் ‘வேறு பெயர்கள் உண்டா’ என்ற கேள்வியில் ஒன்றுவிடாமல் எழுதிவிடுங்கள், அதற்காகத்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது. தெலுங்குப் பள்ளியில் படித்த நம்மவர்களுக்கு இண்டிபேரு (வீட்டுப்பெயர்) முன்னால் நிற்கும். கேரளப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஷியல் பின்னால் போகும், ஆங்கில எழுத்துக்கூட்டும் மாறும். அப்பா பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரே ஆள் என்பதற்கு அதுவே நல்ல ஆதாரம்.

தெலுங்கில் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தமக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாவட்டப் பெயரிலும் குழப்பம் வரும். சத்தியவேடு பக்கம் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம், அதற்கு முன் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். செங்கோட்டைக்காரர்களுக்கு 2019 நவம்பர் வரை திருநெல்வேலி, பிறகு தென்காசி. பிறந்த ஊரின் மாவட்டத்தைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

கேள்வி (வண்ணாமடை): பத்து வருடத்தில் நாலு வருடம் வேலையே இல்லை. அப்பாவோடு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிடலாமா?

விடக்கூடாது தம்பி. தோப்பைப் பார்த்தது வேலைதான். சம்பளம் இல்லாவிட்டாலும் சொந்த விவசாயம் என்று எழுதுங்கள். உண்மையிலேயே சும்மா இருந்த காலம், வீட்டைப் பார்த்துக்கொண்ட காலம், பரீட்சைக்குப் படித்த காலம் என்றால் அதையே எழுதுங்கள். கம்பெனி வேலையின் தேதிகளுக்கு பிஎஃப் தளத்தில் யுஏஎன் என்ற உறுப்பினர் எண்ணைப் போட்டுச் சேவை வரலாற்றைப் பாருங்கள், சேர்ந்த நாளும் விலகிய நாளும் இருக்கும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): துபாயில் மூன்று வருடம், சிங்கப்பூரில் எட்டு மாதம் இருந்தேன். எங்கெங்கே போலீஸ் சான்றிதழ் வாங்க வேண்டும்?

இந்தியாவுக்கு பிசிசி என்ற போலீஸ் சான்றிதழ் கட்டாயம், பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்குங்கள். உள்ளூர் ஸ்டேஷனில் எழுதி வாங்குவதை ஏற்கமாட்டார்கள். முன்பு வாழ்ந்த நாடு என்றால், 16 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் வேண்டும். ஆகவே துபாய்க்கு வேண்டும், துபாய்ப் போலீஸின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர் எட்டு மாதத்துக்குத் தேவையில்லை. ஆனால் எந்த நாட்டிலாவது கைதாகியிருந்தால் எத்தனை நாள் இருந்தீர்கள் என்ற கணக்கே கிடையாது, வாங்கித்தான் ஆகவேண்டும். சான்றிதழுக்கு இரண்டு வருடம் ஆயுள். ஆனால் அதை வாங்கிய பிறகு அந்த நாட்டுக்குத் திரும்பப் போகவில்லையென்றால் பழைய நாட்டின் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை.

கேள்வி (பொள்ளாச்சி ரோடு, கோபாலபுரம்): 2016இல் விசிட்டர் விசா கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அதைச் சொல்ல வேண்டாம், பழைய கதை என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். சரியா அக்கா?

சரியே இல்லை. அந்த ஏஜென்ட்டின் பேச்சைக் கேட்காதீர்கள். மறுத்தவர்களே வைத்திருக்கும் பதிவை அவர்களிடமே மறைக்க முடியுமா? உங்கள் கைரேகையும் போட்டோவும் 2016இலிருந்தே அவர்களிடம் இருக்கிறது. சுற்றுலா விசா மறுப்பு, மனைவி என்ற முறையில் வரும் குடியேற்ற விசாவுக்குத் தடையே அல்ல. பெரும்பாலும் ஊருக்குத் திரும்புவார் என்ற நம்பிக்கை வராமல்தான் மறுப்பார்கள், குடியேற்ற விசாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆனால் முக்கியமான ஒன்றைத் தெரிந்தே மறைத்தீர்கள் என்று முடிவானால் அது ஆயுளுக்கும் தடையாகலாம், விலக்கு கேட்டு ஐ-601 என்ற மனு போட்டு நாயாய் அலைய வேண்டும். தடையே இல்லாத ஒன்றை மறைத்துத் தடையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளாதீர்கள். அன்று நிரப்பிய படிவத்தின் நகல் இருந்தால் அதில் எழுதிய வேலையும் முகவரியும் இப்போது எழுதுவதோடு ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (பெருமாட்டி): என் மனைவி அமெரிக்காவில் நர்ஸ், இப்போது குடியுரிமை வாங்கிவிட்டாள். எனக்கு மனு போட்டிருக்கிறாள். நான் கல்லூரியில் படிக்கும்போது பிளாச்சிமடை தண்ணீர்ப் போராட்டத்தில் மறியல் செய்து கைதானேன், சாயங்காலமே விட்டுவிட்டார்கள். இதுவும் கைதா?

கைதுதான் அண்ணா. தண்டனை உண்டா என்று மட்டும் படிவம் கேட்கவில்லை, எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்றும் கேட்கிறது. ஆம் என்று எழுதி, அமைதியான மறியல், அன்றே விட்டார்கள் என்று விளக்குங்கள். தண்ணீருக்காக நின்றது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. எஃப்ஐஆர் போட்டார்களா, கோர்ட்டில் அபராதம் கட்டியதுண்டா என்று சித்தூர் கோர்ட்டிலும் ஸ்டேஷனிலும் ஒரு வக்கீல் மூலம் தேடிப்பாருங்கள். வழக்கு இருந்தால் முடிந்ததற்கான உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் பதிவு இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிசிசி சுத்தமாக வந்துவிட்டது, அதனால் ‘இல்லை’ என்று போடலாம் என நினைக்கவேண்டாம். இரண்டும் வேறு வேறு கேள்வி.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): ஃபேஸ்புக் கணக்கை மூடிவிட்டேன். அதையும் எழுதணுமா?

கடைசி 5 வருடத்துக்குள் பயன்படுத்தியிருந்தால் எழுதணும். பழைய சிம் எண்களும் அப்படியே. துபாய் எண்ணை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி (சித்தூர்): டிஎஸ்-260 அனுப்பியாகிவிட்டது. இப்போது பார்த்தால் ஒரு முகவரி விட்டுப்போயிருக்கிறது. நேர்காணல் தேதி இன்னும் வரவில்லை.

பதற வேண்டாம். தேசிய விசா மையத்தின் இணையக் கேள்விப் படிவத்தில் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, திருத்துவதற்காகப் படிவத்தைத் திறந்துவிடும்படி கேளுங்கள். திறந்துவிட்டால் விட்ட முகவரியைச் சேர்த்து மறுபடி கையொப்பமிட்டு அனுப்புங்கள். வழக்கு அதற்குள் மும்பைக்குப் போய்விட்டால், விட்டுப்போன முகவரியையும் தங்கிய மாதங்களையும் ஒரு தாளில் தட்டச்சு செய்து கையெழுத்திட்டு நேர்காணலுக்கு எடுத்துப்போங்கள். அதிகாரி கேட்கும்வரை காத்திருக்காமல், உறுதிமொழி எடுத்தவுடன் படிவத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்கள் அத்தனையும் அன்று கையில் இருக்கட்டும்.