கல் விழுந்த பிறகு கூடும் குழு

கேள்வி: எங்கள் பகுதியில் பதற்றம் வந்தால் கோட்டாட்சியர் அமைதிக் குழுவைக் கூட்டுகிறார். இரு தரப்புப் பெரியவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். கலவரத்தைத் தடுக்க இது போதாதா? (வாசகர், கோவை)

பதில்: போதாது. 1997 நவம்பர் கலவரத்தையும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பையும் பார்த்த ஊர் உங்களுடையது. கையெழுத்துப் போடும் பெரியவர்களுக்குத் தெருமுனையில் கல் எடுக்கிற பையனைத் தெரியாது. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை.

மும்பைக்குப் பக்கத்து விசைத்தறி நகரம் பிவண்டி. 1970, 1984 இரண்டு தடவையும் பெருங்கலவரம் கண்டது. 1988-ல் காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே, ஊர் அமைதியாக இருந்தபோதே மொஹல்லா கமிட்டிகளை, அதாவது குடியிருப்புப் பகுதிக் குழுக்களை, தொடங்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் சரிபாதி. குற்றப் பின்னணி உள்ளவர்களுக்கு இடமில்லை. 1992 டிசம்பர், 1993 ஜனவரியில் மும்பைக் கலவரத்தில் 900 பேர் மாண்டார்கள். பிவண்டி அமைதி காத்தது.

நீங்களும் 150, 200 வீட்டுக்கு ஒரு குழு வையுங்கள். 15 முதல் 20 பேர் போதும்: டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பால்காரர், பாதிக்குப் பாதி பெண்கள். மாதம் இருமுறை கூடி சாக்கடை, தெருவிளக்கு, தண்ணீர் லாரி பற்றிப் பேசுங்கள். சாக்கடை அடைப்புக்காகச் சேர்ந்து மாநகராட்சிக்கு நடையாய் நடந்தவர்கள்தான் இரவு பதினொரு மணிக்குத் தயங்காமல் ஒருவருக்கொருவர் போன் அடிப்பார்கள்.

அந்தப் போன் எதற்கு? வதந்திக்கு. 2018 பிப்ரவரியில் இலங்கை அம்பாறையில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் குழம்பில் கிடந்த கட்டியை, சாப்பிடுபவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. கூட்டம் சூழ்ந்து அதட்ட, அவர் ஆமாம் போட்டார். அது வீடியோவாகப் பரவியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பரிசோதித்தால், வெறும் மாவுக்கட்டி!

ஆகவே வதந்தி வந்ததும் மூன்று கேள்வி: நேரில் பார்த்தது யார், எந்த இடம், எத்தனை மணி? இரு தரப்பிலும் ஒவ்வொருவராக, இரண்டு பேர் சேர்ந்தே போய்ப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் இருவர் குரலிலும் வாட்ஸ்அப்பில் பதிவு போடுங்கள். தேதியையும் நேரத்தையும் வாயால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதற்றத்தில் பழைய பதிவு சுற்றிவந்து குழப்பும். வதந்தியின் வாசகத்தைத் திருப்பிச் சொல்லாதீர்கள், மறுப்பு மறந்து அதுதான் மனத்தில் நிற்கும். இணையத்தை நிறுத்திவிடுவார்கள், எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் பாதையில் கிடக்கும் செங்கல், ஜல்லி, காலி பாட்டில்களை அள்ளிவிடுங்கள். கையில் கிடைப்பதைத்தான் எறிவார்கள்.

கெடுவது எங்கே? கட்சிக்காரர் தலைவராகும்போது. போலீசுக்கு ஆள்காட்டும் குழு என்று பேர் வாங்கும்போது. நாலு வருஷம் அமைதியாகப் போனதும் கூடுவதையே விட்டுவிடும்போது. அதே பிவண்டியில் 2006 ஜூலையில் காவல் நிலையக் கட்டடத் தகராறில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள்.

144 என்று நாம் சொல்லிப் பழகிய தடை உத்தரவு (இப்போது பிரிவு 163) போட்டால் யார் தவிப்பார்கள் என்ற பட்டியலையும் இப்போதே எடுங்கள்: இன்சுலின் போடுகிறவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், நிறைமாதக் கர்ப்பிணி, பள்ளியிலிருந்து திரும்ப வேண்டிய குழந்தைகள். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும், வண்டி எடுத்து வரப்போகும் எதிர்த்தரப்பு வீட்டுக்காரர் ஒருவரின் பெயர் இருக்கட்டும்.