பார்வைகள் கூடியும் விளம்பர வருமானம் குறைவது ஏன்?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். தமிழில் சமையல் இணையதளம் நடத்துகிறேன். இரண்டு வருடம் முன்பு மாதம் 2 லட்சம் பக்கப் பார்வைகளுக்கு, கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் 26,000 ரூபாய் வந்தது. இப்போது 3.25 லட்சம் பார்வைகள் இருந்தும் 17,500தான் வருகிறது. கூகுள் நம் பங்கைக் குறைத்துவிட்டதா? 3 லட்சம் ரூபாய் கொடுத்தால் பார்வைகளை மும்மடங்காக்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. பர்சனல் லோன் வாங்கலாமா? நாடு வாரியான அறிக்கையை இணைத்துள்ளேன்.

பதில்: லோன் வேண்டாம். வருமானம் குறையும் நேரத்தில் கடன் சுமை ஏறக்கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பங்கை யாரும் குறைக்கவில்லை. 2024 தொடக்கத்தில் ஆட்சென்ஸ் பணம் தரும் முறை மாறியது உண்மைதான். கிளிக்குக்குப் பதில் விளம்பரம் காட்டப்படுவதற்கே இப்போது பணம். ஆனாலும் தளம் நடத்துபவருக்குச் சுமார் 68 சதவீதம் என்ற கணக்கு மாறவில்லை என்றுதான் கூகுள் சொல்லியிருக்கிறது.

காரணம் நீங்கள் அனுப்பிய அறிக்கையிலேயே இருக்கிறது. அப்போது பாதிப் பார்வைகள் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் தமிழர்களுடையவை. அந்த 1 லட்சம் பார்வைகளுக்கு ஆயிரத்துக்கு 220 ரூபாய் வீதம் 22,000. இந்தியாவின் 1 லட்சத்துக்கு ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் 4,000. இப்போது வெளிநாட்டுப் பார்வைகள் 25,000 ஆகிவிட்டன, அதில் 5,500 ரூபாய். இந்தியாவில் 3 லட்சம், அதில் 12,000. இரண்டு இடத்திலும் விலை ஒரு பைசா குறையவில்லை. காசு அதிகம் தந்த கூட்டம் போய்விட்டது, அவ்வளவுதான். மொத்தப் பார்வை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது.

அவர்கள் ஏன் போனார்கள்? கூகுள் தேடலில் உங்கள் தளம் எவ்வளவு தோன்றுகிறது, எத்தனை கிளிக் வருகிறது என்று காட்டும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து அமெரிக்காவை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேடலில் உங்கள் பக்கம் தோன்றுவது அதே அளவில் இருந்து கிளிக் மட்டும் சரிந்திருந்தால், தேடல் பக்கத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது என்று எண்ண இடமிருக்கிறது. 2024 மே மாதம் முதல் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ எழுதிய சுருக்கம் வருகிறது. தோன்றுவதும் குறைந்திருந்தால் உங்கள் தரவரிசை இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய பதிவுகளைச் சீர் செய்ய வேண்டும்.

இப்போது அந்த 3 லட்சம். 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் என்றால், தவணையை மட்டும் கட்டவே மாதாமாதம் கூடுதலாக 2.56 லட்சம் பார்வைகள் வேண்டும், 36 மாதமும் விடாமல். அதைவிடப் பெரிய ஆபத்து, காசுக்கு வரும் பார்வைகள் மென்பொருள் ஓட்டும் போலிப் பார்வையாக இருக்கலாம். கண்டுபிடித்தால் ஆட்சென்ஸ் அந்த வருமானத்தைக் கழித்துக்கொள்ளும், கணக்கையே மூடவும் கூடும். அப்புறம் 17,500ம் இருக்காது, தவணை மட்டும் நிற்கும்.

அதற்குப் பதில் உங்கள் ஊரையே பாருங்கள். கிரைண்டர் விற்பவர்கள், மரச்செக்கு எண்ணெய்க்காரர்கள், மசாலா அரைத்து விற்பவர்கள் கோவையில் நிறைய. உங்கள் 3 லட்சம் இந்தியப் பார்வைகளில் தமிழ்நாட்டுக் கணக்கைக் காட்டி, தளத்தின் ஓரத்தில் அவர்கள் விளம்பரத்துக்கு இடம் கொடுத்து மாத வாடகை பேசுங்கள். மாதம் 3,000 ரூபாய் தரும் மூன்று கடைகள் கிடைத்தாலே, நீங்கள் இழந்த 8,500 திரும்பிவிடும். அதற்காக விளம்பரப் பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பக்கம் மெதுவாகி, பாதிச் சமையல் குறிப்பிலேயே வாசகர் மூடிவிடுவார்.

வீட்டு பட்ஜெட்டுக்குக் கடந்த 12 மாதங்களில் மிகக் குறைந்த மாத வருமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகத் தீபாவளியை ஒட்டி விளம்பர விலை ஏறும், ஜனவரியில் இறங்கும். ஏறும் மாதங்களின் உபரியைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு, ஆறு மாதக் குடும்பச் செலவு சேரும்வரை தொடாதீர்கள். கடைக்காரர்களிடம் வாங்கும் தொகையையும் வங்கி வழியாகவே வாங்கி, வருமான வரிக் கணக்கில் ஆட்சென்ஸோடு சேர்த்துக் காட்டிவிடுங்கள்.