மூன்றாவது வரி

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹைக்கூ என்ற ஜப்பானிய மூன்று வரிக் கவிதை எழுத ஆசை. வரிக்கு வரி 5-7-5 ஒலி என்ற கணக்கைத் தமிழில் எப்படி வைப்பது? பருவத்தைக் குறிக்கும் சொல் கட்டாயமா? என் முதல் முயற்சி:

மழையில் நனைகிறது
அறுந்த செருப்பு
ஏழையின் வாழ்க்கை

இது ஹைக்கூதானா?

எம்.

அன்புள்ள எம்.,

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானியர் எண்ணுவது நம் எழுத்தும் அல்ல, அசையும் அல்ல. டோக்கியோ அவர்களுக்கு தோ-உ-கியோ-உ, நான்கு ஒலி. பட்ட கிளையில் காகம் அமர்ந்த கவிதையில் ஹைக்கூவின் பெரிய கவிஞர் பாஷோவே நடுவரிக்கு 7-க்குப் பதில் 9 ஒலி வைத்திருக்கிறார். மூன்று சின்ன வரி எழுதுங்கள், போதும். பருவச் சொல் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

உங்கள் மூன்றாவது வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதல் இரண்டு வரியில் நல்ல பிள்ளையாக ஒரு செருப்பைக் காட்டினீர்கள். உடனே பயம் வந்துவிட்டது, படிப்பவனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று. விடுகதை போட்டுவிட்டு விடையையும் நீங்களே சொல்லிவிட்டால் நான் எதற்கு? இது உங்கள் தப்பு மட்டுமல்ல. பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார். நாம் இன்னும் மூன்றாம் வரியில் பட்டாசு கொளுத்திக்கொண்டிருக்கிறோம்.

பாஷோ 1686-இல் எழுதியதைப் பாருங்கள்:

பழைய குளம்
தவளை குதிக்கிறது
நீரின் ஓசை

இதில் கடைசி இரண்டு வரிதான் முதலில் வந்ததாம். முதல் வரிக்கு, சீடர் கிககு 'யமாபுகி' என்ற மஞ்சள் பூவைச் சொன்னாராம். தவளையையும் அந்தப் பூவையும் சேர்த்துப் பாடுவது அங்கே பழைய வழக்கம். அழகாகத்தான் இருந்திருக்கும். பாஷோ கேட்கவில்லை, வெறும் பழைய குளத்தை வைத்தார். இன்னொன்றும் செய்தார். பல நூறு வருடமாகக் கவிஞர்கள் தவளையின் குரலைத்தான் பாடிவந்தார்கள். இவருடைய தவளை வாயே திறப்பதில்லை. கேட்பது தண்ணீரின் சத்தம். குளத்துக்குப் பிறகு மூலத்தில் 'யா' என்று ஒரு சொல் வருகிறது. அதை வெட்டும் சொல் என்பார்கள். அந்த இடத்தில் கவிதை நின்று மூச்சு வாங்குகிறது. குளம் ஒரு பக்கம், தவளை ஒரு பக்கம். இரண்டுக்கும் என்ன உறவு என்று அவர் சொல்லவில்லை. 'தனிமை' என்றோ 'வாழ்க்கை' என்றோ ஒரு வரி போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

எனக்கு இது புரிந்தது புத்தகத்தில் இல்லை. தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிப் போன இரவு. திண்ணையில் படுத்திருந்தேன். கொல்லைக் கிணற்றில் எதுவோ விழுந்தது. தவளையாகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் அடங்கியதும்தான், உள்ளறையில் தாத்தாவின் இருமல் இல்லை என்பது எனக்குக் கேட்டது.

அதைக் கவிதையாக்கினேன். எப்படி? கிணறு, சத்தம், அப்புறம் மூன்றாவது வரியாக 'மரணத்தின் ஆழம்'. வெட்கங்கெட்ட வரி! ஒரு சிறுபத்திரிகை அதையும் அச்சிட்டது. அந்த இதழை இன்றுவரை பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன். இருமலை எழுதியிருக்கலாம். தோன்றவே இல்லை. ஆழம் என்று எழுதினால்தான் கவிஞன் என்று நினைத்த வயது.

ஆகவே உங்களைத் திட்டும்போது என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'ஏழையின் வாழ்க்கை'யை அடித்துவிடுங்கள். அந்தச் செருப்பை எங்கே பார்த்தீர்கள்? பஸ் ஸ்டாண்டிலா, கோயில் வாசலிலா? வார் அறுந்திருந்ததா, குதிகால் தேய்ந்திருந்ததா? அதன் ஜோடி பக்கத்தில் கிடந்ததா? மழை விட்ட பிறகு மறுபடி அந்தப் பக்கம் போனீர்களா? கவிதை வேண்டாம், கடிதமாகவே எழுதி அனுப்புங்கள்.