புல்வாரியும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ருமேனியாவின் மாரமுரெஷ் பகுதி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஜூலையில் குடும்பத்தோடு பிரெப் கிராமத்தில் நான்கு நாள் தங்கினோம். ‘காலம் நின்றுபோன ஊர்’ என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கார அம்மா ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, இத்தாலியில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறன்று மட்டும் பூவேலைச் சட்டை, பூப்போட்ட பாவாடை, தலையில் துணி. நாங்கள் தங்கிய மரவீட்டை வேறு ஊரிலிருந்து பிரித்து எடுத்துவந்ததாக அவரே சொன்னார். பக்கத்தில் ஒரு கான்கிரீட் மாடிவீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வாசலில் மரக்கிளை முழுக்க வண்ணப் பானைகள். மூன்றாம் நாள் என் மகள் கையில் புல்வாரியைக் கொடுத்து வேலை வாங்கினார்கள்; கொப்புளமே வந்துவிட்டது. காசு கொடுத்து நாடகம் பார்த்துவிட்டு வந்தோமோ?

எஸ்., முனிக்

அன்புள்ள எஸ்.,

முதலில் என் தப்பு. ‘காலம் நின்றுபோன ஊர்’ என்பது சோம்பேறித்தனமாக எழுதிய வரி. அதை நம்பிப் போனால் ஜீன்ஸைப் பார்த்ததும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பானை மரம் பாதி நாடகம்தான், ஒப்புக்கொள்கிறேன். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு என்பதற்கு அடையாளம் என்பார்கள். இப்போது படம் எடுப்பவர்களுக்காகவும் மாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை அப்படியல்ல. அது கோயிலுக்குப் போகும் உடுப்பு. நீங்கள் யாரும் வராத பிப்ரவரியிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள்.

மரவீடு விஷயத்தில் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். அங்கே பழைய வீடுகளை மரக்கட்டைகளை மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கட்டினார்கள். எண் போட்டுப் பிரித்து வேறு இடத்தில் மறுபடி அடுக்கலாம். யுனெஸ்கோ 1999இல் பட்டியலில் சேர்த்த எட்டு மரத் தேவாலயங்களில் ஒன்றான பர்சானா கோயிலே வேறிடத்தில் கட்டி, பிற்பாடு இப்போதிருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்ததுதான். வீட்டை இடம் மாற்றுவதும் அங்கே பழைய வழக்கம்தான்.

பூட்டிய மாடிவீட்டுக்கும் அந்த வீடியோ அழைப்புக்கும் சம்பந்தம் உண்டு. 2002 ஜனவரியிலிருந்து ருமேனியர்கள் விசா இல்லாமல் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் போக முடிந்தது. 2007இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. இளவட்டங்கள் இத்தாலி, ஸ்பெயின் என்று கட்டட வேலைக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் போனார்கள். சம்பாதித்தது ஊரில் சுவராக எழுந்தது. அந்த வீடுகளில் விளக்கெரிவது ஆகஸ்டில்தான். ஆகஸ்ட் 15, மாதா திருநாள் வரை விரதம் என்பதால் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அது முடிந்ததும், பிள்ளைகள் திரும்பிப் போவதற்குள் வரிசையாகக் கல்யாணம். வளைகுடாவில் மகன் இருக்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

இந்த ‘கிராமத்து விடுமுறை’ எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு நாட்டின் சுமார் 13,000 கிராமங்களில் பாதியைத் துடைத்துவிடத் திட்டம் போட்டார். பெல்ஜியத்தில் தொடங்கிய ஓர் இயக்கம், அங்குள்ள ஊராட்சிகள் ஆளுக்கொரு ருமேனியக் கிராமத்தைத் தத்தெடுக்கும்படி செய்தது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் அந்த மக்கள் உதவிப் பொருட்களோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஓட்டல் இல்லாத ஊர், வீட்டில்தான் படுக்கை. பல ஊர்களில் வெளியூர் விருந்தாளியைத் தங்கவைக்கும் பழக்கம் இவர்களிடமிருந்து தொடங்கியது.

சரி, புல்வாரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் அதுதான். 1949இலிருந்து 1962வரை கம்யூனிஸ்ட் அரசு மக்களின் நிலங்களைக் கூட்டுப்பண்ணையாக்கியது. மலைச்சரிவில் இருந்த பல ஊர்கள் தப்பின. டிராக்டர் ஏறாத மேட்டை எடுத்து அரசு என்ன செய்யும்? அதனால் அங்கே இன்னும் துண்டு துண்டாகச் சொந்தப் புல்வெளி. நீண்ட பிடி அரிவாளால் அறுத்து, வெயிலில் புரட்டிப் போட்டு, நடுக்கம்பைச் சுற்றிப் போராக ஏற்றுகிறார்கள். பாதி காய்ந்த புல்லில் மழை விழுந்தால் பூஞ்சை பிடிக்கும், மாடு தொடாது. மேகம் கறுத்தால் வீட்டில் கை கால் உள்ள எல்லோரும் களத்தில் இருக்க வேண்டும். அன்று மழை வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உங்கள் மகள் வாரியது விருந்தாளிக்காக வைத்த நிகழ்ச்சி அல்ல. அந்த வீட்டு மாடு ஜனவரியில் தின்னப்போகிற புல்.

அடுத்த முறை எப்போது போகலாம் என்று கேட்டால், மே மாதம் என்பேன். செம்மறிகளை மலைக்கு ஓட்டும் முன் பால் அளக்கும் நாள் ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தன் ஆட்டைத் தானே கறந்து, எல்லோர் முன்னிலையிலும் அளந்து காட்ட வேண்டும். அன்றைய அளவை வைத்துத்தான் கோடை முழுக்க இடையர் யாருக்கு எவ்வளவு சீஸ் தரவேண்டும் என்று கணக்கு. பிறகு பாட்டு, ஹோரின்கா என்ற பிளம் சாராயம், மமலிகா. மமலிகாவை நம் மக்காச்சோளக் களி என்றே வைத்துக்கொள்ளுங்கள்; உப்புக் கரிக்கும் செம்மறிச் சீஸோடு சூடாகத் தின்ன வேண்டும். கேமராக்காரர்களும் வருவார்கள். ஆனால் அளக்கும்போது கறந்தவர் கண்ணைப் பாருங்கள். கேமரா பக்கம் திரும்பாது, அளவுக்கோலில்தான் நிற்கும்.

மகளையும் கூட்டிப் போங்கள். கையுறை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.