அதிபர் கதிரைக்கு ஆறு லட்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் 14 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். வயது 38. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து நியமனம் பெற்றேன். பிறகு வெளிவாரியாக பீ.ஏ. முடித்தேன். அதிபராக வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஹட்டனில் ஒரு தனியார் நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ‘கல்வித் தலைமைத்துவ முதுமாணி’ பட்டத்தைப் பத்து மாதத்தில் தருவதாகச் சொல்கிறது. ஞாயிறு மட்டும் ஒன்லைன் வகுப்பு. கட்டணம் 6 லட்சம். லோனையும் அவர்களே ஒரு பினான்ஸ் கம்பனியில் எடுத்துத் தருவார்களாம்: வருடம் 12 வீதம், 48 மாதம், மாதத் தவணை 18,500.

கழிவெல்லாம் போய்க் கைக்கு 62,000 வருகிறது. கணவர் ஆட்டோ ஓடுகிறார், சராசரியாக 35,000. ஆட்டோ லீசிங் 14,500 (இன்னும் 19 மாதம்), சீட்டு 10,000, வீட்டுச் செலவு, இரண்டு பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் சேர்த்து மாதம் 85,000 போகிறது. 2 லட்ச ரூபாய்ச் சீட்டு எனக்கு மார்ச்சில் விழும். இடர் கடன் (அரச ஊழியருக்குக் குறைந்த வட்டியில் தரும் கடன்) ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்டது. அம்மா 33 வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமுமாக 7 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிலையான வைப்பில் கிடக்கிறது. “ஒனக்காகத்தான் வச்சிருக்கேன், எடுத்துக்க” என்கிறார். லோன் எடுக்கட்டுமா, அம்மாவின் காசை எடுக்கட்டுமா? இதைப் படித்தால் அதிபர் ஆகலாமா? இதற்கிடையில் பக்கத்து டிவிஷன் பாடசாலைக்குப் பதில் அதிபராக (தற்காலிகப் பொறுப்பு அதிபராக) போகும்படி வலயக் கல்விப் பணிமனையிலும் கேட்கிறார்கள்.

பதில்: டீச்சர், மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் முதல் இரண்டுக்கும் பாதிப் பதில் வந்துவிடும். இந்த முதுமாணியைப் படித்தால் மட்டும் நீங்கள் அதிபர் ஆகிவிட மாட்டீர்கள்.

அந்த நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம் வேறு ஊருக்கு எழுதியது போல இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பாடசாலை முதல்வராக வர விரும்பும் ஒருவர் முதலில் முதுமாணிப் பட்டம் படித்து, அதை வைத்து உரிமம் எடுத்து, பிறகுதான் பதவிக்கு விண்ணப்பிக்க முடியும். அங்கே கல்லூரிக் கட்டணம் என்பது பதவிக்கான நுழைவுச்சீட்டு மாதிரி. நம் நாட்டு ஒழுங்கு வேறு. இங்கே இலங்கை அதிபர் சேவை என்று தனியாக ஒரு சேவை இருக்கிறது. அதன் மூன்றாம் தரத்துக்குள் ஆசிரியர்கள் நுழைவது பரீட்சைத் திணைக்களம் நடத்தும் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை வழியாக. பாஸ் பண்ணி, நேர்முகம் முடிந்து, நியமனம் வந்த பிறகுதான் முகாமைத்துவப் பயிற்சி. அதையும் நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே பெறுவீர்கள். பாடசாலைத் தலைமைத்துவப் பயிற்சிக்கென்றே தேசிய கல்வி நிறுவகத்துக்கு மீப்பேயில் ஒரு நிலையம் உண்டு. வலயப் பணிப்பாளர் கதிரை வரைக்கும் ஆசை இருந்தால் அது கல்வி நிர்வாக சேவை. அதற்கும் பரீட்சை உண்டு.

பட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. அதிபர் வெற்றிடத்துக்கான நேர்முகத்தில் கல்வித் தகைமைக்கும் தொழில் தகைமைக்கும் புள்ளி உண்டு. ஆனால் அந்தப் புள்ளி தேவைப்படுவது சேவைக்குள் நுழைந்த பிறகு. நீங்கள் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிறீர்கள்.

சரி, இப்போது லோன். “வருடம் 12 வீதம்” என்பது கேட்க நன்றாக இருக்கிறது. 6 லட்சத்துக்கு 12 வீதம் 72,000. நான்கு வருடத்துக்கு 2,88,000. மொத்தம் 8,88,000, அதை 48ஆல் வகுத்தால் 18,500. கணக்குச் சரியாக வருகிறது இல்லையா? சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. முதல் மாதத்திலிருந்தே நீங்கள் முதலையும் சேர்த்துத்தான் கட்டி வருகிறீர்கள். இரண்டு வருடம் போகும்போது கடனில் கணிசமான பகுதி தீர்ந்திருக்கும். ஆனாலும் 6 லட்சம் முழுவதும் உங்கள் கையில் இருப்பதாகவே வட்டி போடுவார்கள். பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்குப் பார்த்தால் இது ஏறக்குறைய 21 வீதம். எந்த லோன் என்றாலும் “இது பிளாட் ரேட்டா (கடைசி வரை முழுத் தொகைக்கும் வட்டியா), குறையும் மீதிக்கா?” என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் அது பிளாட் ரேட்தான்.

உங்கள் வீட்டுக் கணக்கையே எடுப்போம். வரவு 97,000, செலவு 85,000, மிச்சம் 12,000. தவணை 18,500. மாதம் 6,500 துண்டு விழும். மழைக்காலத்தில் ஆட்டோ ஓட்டம் குறைந்தால் இன்னும் கூட. பதவி உயர்ந்தால் சம்பளம் மாதம் 10,000 கூடும் என்றே வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக நான் போட்ட எண், உங்கள் உண்மையான எண்ணைச் சம்பள அளவுத்திட்டத்தைப் பார்த்துப் போடுங்கள்). 8,88,000 ரூபாயைத் திரும்ப எடுக்க ஏழரை வருடம் வேண்டும். அந்த ஏழரை வருடமும் பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஓடத் தொடங்காது. நியமனக் கடிதம் கைக்கு வரும் நாளில்தான் ஓடத் தொடங்கும். அதிபர் சேவைப் பரீட்சை வருடா வருடம் நடப்பதில்லை. நடந்தாலும் முடிவு, நேர்முகம், நியமனம் எல்லாம் இழுபடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது அங்கீகாரம். “எங்கள் பட்டம் அங்கீகரிக்கப்பட்டது” என்று அந்த நிறுவனம் சொல்லும். யாரால் என்று கேளுங்கள். வெளிநாட்டில் ஏதோ ஒரு அமைப்பு தந்த முத்திரை வலயக் கல்விப் பணிமனையில் செல்லாது. இங்கே கேட்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் உறுதிப்படுத்தல் கடிதம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பாடநெறியின் பெயரையும் எழுதி ஆணைக்குழுவிடம் நீங்களே கேளுங்கள்; நிறுவனம் காட்டும் போட்டோகொப்பியை நம்ப வேண்டாம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் இது எத்தனையாவது மட்டம் என்றும் கேளுங்கள். பட்டப் பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். பாடங்களை மட்டும் படித்து எடுக்கும் முதுமாணி 9. ஆய்வும் சேர்ந்தது 10. பத்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் இதில் எங்கே நிற்கின்றன என்பதை அவர்கள் எழுத்தில் தரட்டும்.

என் வீட்டிலும் ஒரு சான்றிதழ் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில், அக்காவின் வளையலை அடகு வைத்து, கண்டியில் ஓர் இடத்தில் கட்டிப் படித்தேன். தங்க நிற எழுத்து, சிவப்பு முத்திரை. முதல் நேர்முகத்தில் அதைப் புரட்டிப் பார்த்தவர் திருப்பித் தந்துவிட்டு “ஏ.எல். ரிசல்ட் இருக்கா தம்பி?” என்று கேட்டார். வளையலை மீட்க மூன்று வருடம் போனது.

இனி அம்மாவின் காசு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். தொடாதீர்கள். நாட்கூலிக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 33 வருடத்துக்கு 462 நாள். அட்டைக்கடியிலும் பனியிலும் நின்று போட்ட 462 பேர் (ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை) அந்த வைப்புப் புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்கு 60 வயதில் ஓய்வூதியம் வரும். அம்மாவுக்கு இந்த வைப்பைத் தவிர மாதாமாதம் வேறு எதுவும் வராது. நாளைக்கு ஒரு கண் ஒப்பரேஷன், முழங்கால் வலி என்று நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கூட்டிப் போக வேண்டி வந்தால் அந்தச் செலவுக்கு நிற்கப் போவது இந்தக் காசுதான். “ஒனக்காகத்தான்” என்று அவர் சொல்வது பாசம். அதைக் கடன் வசதியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. வட்டியை மாதாமாதம் எடுக்கும் வைப்பாக மாற்றி, அது அம்மாவின் கைக்கே போகும்படி செய்யுங்கள். அவருக்கும் கைச்செலவுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் பட்டப் பின் கல்வி டிப்ளோமாவைச் செய்வேன். உங்களுக்கு பீ.ஏ. இருக்கிறது, கல்வியியற் கல்லூரி டிப்ளோமா இருக்கிறது. நடுவில் இல்லாதது இதுதான். பட்டதாரி ஆசிரியர் ஒருவருக்கு ஆசிரியர் சேவையிலேயே தர உயர்வுக்கு உதவுவதும் இதுவே. ஆக, அதிபர் பரீட்சை தள்ளிப் போனாலும் இந்தப் படிப்பு சும்மா கிடக்காது. திறந்த பல்கலைக்கழகமும் கொழும்புப் பல்கலைக்கழகமும் இதைத் தமிழிலேயே நடத்துகின்றன. வேலையை விடாமல் படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. மஸ்கெலியாவிலிருந்து போவதென்றால் விடிய முதல் பஸ் பிடிக்க வேண்டும். அதனால் கட்டணத்தோடு பஸ், சாப்பாடு, போட்டோகொப்பி, தேவைப்பட்டால் ஓர் இரவுத் தங்கல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாளில் எழுதுங்கள். முதுமாணியைச் சேவைக்குள் நுழைந்த பிறகு, அரச பல்கலைக்கழகம் ஒன்றிலோ தேசிய கல்வி நிறுவகத்திலோ செய்யலாம். அப்போது லீசிங் முடிந்து மாதம் 14,500 மிஞ்சும், அதுவே கட்டணமாகிவிடும்.

டிப்ளோமாவுக்குக் காசு மார்ச் சீட்டு. 2 லட்சம் மொத்தமாகக் கைக்கு வருகிறது, வட்டி கிடையாது. விழுந்த அன்றைக்கே தனிக் கணக்கில் போடுங்கள். வீட்டில் கிடந்தால் அது ஆட்டோ டயருக்கும் யாராவது மச்சான் கல்யாணத்துக்கும் போய்விடும். போதாவிட்டால் இடர் கடன் இருக்கிறது. அதன் வட்டி 4.2 வீதம், அதுவும் குறையும் மீதிக்கு. 2,50,000 எடுத்து ஐந்து வருடத்தில் கட்டினால் மொத்த வட்டியே கிட்டத்தட்ட 27,000தான். பினான்ஸ் கம்பனியின் 2,88,000ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு இப்போது எவ்வளவு கிடைக்கும், எத்தனை பிணையாளிகள் வேண்டும் என்று வலயத்தில் உங்கள் கோப்பைப் பார்க்கும் கிளார்க்கிடம் கேளுங்கள். ஆனால் தேவைப்படும் அளவுக்கு மட்டும் எடுங்கள். மலிவு என்பதற்காக முழுசாக எடுத்து வீட்டுக்கு டைல்ஸ் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பரீட்சைக்கு அதிகம் செலவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியைப் பாருங்கள். ஒன்லைனில் இலவசம், தமிழிலும் வருகிறது. அதிபர் சேவையின் பிரமாணக் குறிப்பை (அந்தச் சேவையின் விதிகள் அடங்கிய ஆவணம்) ஒருமுறை முழுதாகப் படித்து, சேவைக்காலம், தரம், தகைமை எல்லாவற்றிலும் உங்கள் இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடந்த கால வினாத்தாள்களை ஹட்டன் வலயத்தில் ஏற்கெனவே பாஸ் பண்ணிய ஒருவரிடம் வாங்குங்கள். நாலைந்து பேர் சேர்ந்து சனிக்கிழமை உட்கார்ந்தால் போதும். உங்களுக்கு இன்னும் 22 வருட சேவை இருக்கிறது. ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணிக்கப்படுவதால், சேவைக்குள் எவ்வளவு சீக்கிரம் நுழைந்து படியேறுகிறீர்களோ அவ்வளவுக்கு ஓய்வூதியமும் கூடும். முதல் முறை தவறினாலும் அடுத்த முறைக்கு நேரம் இருக்கிறது.

கடைசியாக, பதில் அதிபர் விஷயம். விருப்பம் இருந்தால் போங்கள், நல்ல அனுபவம். ஆனால் கையிலிருந்து போகும் காசு பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வலயத்துக்கும் கோட்டத்துக்கும் பஸ், படிவம் அனுப்ப போன் டேட்டா, மேற்பார்வைக்கு வருபவர்களுக்குத் தேநீர், உடைந்த தாழ்ப்பாள், முடிந்துபோன சோக், பசியோடு வரும் பிள்ளைக்கு ஒரு பனிஸ். சின்னத் தோட்டப் பாடசாலைகளில் இதெல்லாம் அதிபரின் பர்ஸில்தான் முடிகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு பாடசாலைத் தவணையில் 23,000 போட்டிருந்தார். கூட்டிப் பார்க்கும் வரை அவருக்கே தெரியாது. கடமைப் பொறுப்பைக் கடிதமாக வாங்குங்கள், வாய்ச் சொல்லில் போகாதீர்கள். கொடுப்பனவு ஏதும் உண்டா என்பதும் அந்தக் கடிதத்தில் வரட்டும். முதல் நாளே 40 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, பாடசாலைக்காகப் போகும் ஒவ்வொரு ரூபாயையும் பில்லோடு எழுதுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு போங்கள்.

ஹட்டன் நிறுவனத்துக்கு முற்பணம் எதுவும் கட்டவில்லை என்று நினைக்கிறேன். கட்டியிருந்தால் ரசீதின் படத்தை அனுப்புங்கள், பார்ப்போம்.