ஸ்லோ மோஷன் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது?

கேள்வி: தங்கையின் நடன வீடியோவை பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்கிறேன். அவள் சுழலும் இடத்தை 50 சதவீத வேகத்துக்குக் குறைத்தால் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது, பாட்டு பூதம் பாடுவதுபோல் கேட்கிறது, கிளிப்பின் கடைசிப் பகுதியையும் காணோம். என்ன செய்ய?
- வாசகி ஒருவர்

பதில்: நொடிக்கு 25 பிரேமில், அதாவது 25 தனித்தனிப் படங்களாக, எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பாதி வேகமாக்கினால் ஒரு நொடிக்குக் கிடைப்பது பன்னிரண்டரை பிரேம்தான், மிச்சத்தை நிரப்ப மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை காட்டுகிறது, அதனால்தான் அந்தத் திக்கல். வேகத்தை மாற்றும் ஸ்பீட்/டியூரேஷன் பெட்டியில் டைம் இன்டர்போலேஷன் என்ற அமைப்பை ஆப்டிகல் ஃப்ளோ என்று மாற்றுங்கள், இடைப்பட்ட பிரேம்களை அதுவே கணக்குப்போட்டு உருவாக்கும். ஆனால் ரொம்ப நம்பவேண்டாம். கை முகத்தைக் கடக்கும்போதோ பின்னால் கம்பிவேலி இருந்தாலோ விரல்கள் களிம்புபோல் இழுபடும், அந்த இடத்தில் வேகத்தை 70, 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது மேல்.

அதே பெட்டியில் ரிப்பிள் எடிட்டை டிக் செய்தால் கிளிப் நீளும்போது அடுத்ததைத் தள்ளிவிடும், கிளிப்பின் வால் வெட்டுப்படாது. மெயின்டெய்ன் ஆடியோ பிட்ச் என்ற தேர்வு குரலின் சுருதியைக் காக்கும், சரி, ஆனால் தாளம் இழுபடத்தான் செய்யும். நடனத்துக்கு அது ஆகவே ஆகாது! ஆடியோவைத் தனியாகப் பிரித்து அதன் வேகத்திலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை நொடிக்கு 50 அல்லது 100 பிரேமில் எடுங்கள், பாதி வேகத்திலும் பிரேம் பற்றாமல் போகாது. அப்புறம், அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், சில எல்இடி விளக்குகள் சிமிட்டும், முதலில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.